நுன் என்றால் கண், நுன் என்றால் பனி

"எதை வேணும்னாலும் கேளு. என்னைத் திரும்பி வரச்சொல்லி மட்டும் கூப்பிடாதே," என்றார் கணவர், பேருந்து நிலையத்தில் தன் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துகொண்டு.

"கூப்பிட்டா என்ன ஆகும்?"

"கிளம்பிடுவேன். அதான் பயமா இருக்கு."

"சரி, போன்லயாவது முகத்தைக் காட்டுவீங்களா?"

"அதுவும் வேணாம்மா. குரல் போதும். உன் முகத்தைப் பார்த்தா அங்க ஒரு நாள் நிக்க மாட்டேன்."

"ரொம்பத்தான். இத்தனை நாள் பார்த்தப்ப ஒண்ணும் ஆகலையே," என்றாள் மனைவி. பிறகு, கூப்பிட மாட்டேன் என்று அவர் கையில் அடித்துச் சத்தியம் செய்தாள். அப்போது அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. மூன்று வருஷம் என்பதுதான் பேச்சு.

அந்தப் பேச்சு நடந்து நான்காவது வருஷம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டேகால் மணிக்கு, அவள் வீட்டின் முன்னறையில் பனி பெய்தது. முன்னறையில் மட்டும்தான். சமையலறையில் பெய்யவில்லை, மாடிப்படியில் பெய்யவில்லை, கீழ்வீட்டில் குடியிருந்த நாத்தனார் கொடியில் போட்டிருந்த துணி காய்ந்துகொண்டுதான் இருந்தது. நாற்காலிகள், தையல் மெஷின், தொலைக்காட்சிப் பெட்டி எல்லாவற்றின் மேலும் நான்கு விரல் உயரத்துக்குப் பனி படிந்தது. ஒன்பது மணிக்கு நின்றது. அவள் முறத்தால் அள்ளி வாளியில் போட்டுவிட்டு வேலைக்குப் போனாள். கடைக்குப் பத்து நிமிஷம் தாமதம். காரணம் கேட்ட முதலாளியிடம் வீட்டில் பனி என்றாள். அவர் வருகைப் பதிவேட்டில் அப்படியே எழுதிக்கொண்டார்.

அவள் வேலை பார்த்தது ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில். வில்லை பொருத்துவது, சட்டத்தின் ஆணி இறுக்குவது, மூக்கில் உறுத்தும் இடத்தைத் தேய்த்துச் சரிசெய்வது, எழுத்துப் பலகையின் கடைசி வரியை வாசிக்க முடியாதவர்களிடம் "பரவாயில்லைங்க, அதை யாருமே வாசிச்சதில்லை" என்று ஆறுதல் சொல்வது, எல்லாம் அவள்தான். கணவர் கடைசல் வேலை தெரிந்தவர். இரும்பை முடி கனத்துக்குச் சீவித் தருவார். சொந்தமாக ஒரு லேத் பட்டறை போட வேண்டும் என்ற ஆசையில் கொரியாவில் ஒரு தொழிற்சாலைக்குப் போனார். போவதற்கு மொழித்தேர்வு ஒன்று எழுத வேண்டியிருந்தது. அதற்காக அவர் படித்த தொடக்கநிலைச் சொற்கள் என்ற எண்ணூறு வார்த்தைப் புத்தகத்தை, இனி தேவையில்லை என்று அலமாரியின் மேல் போட்டுவிட்டுப் போயிருந்தார்.

மூன்று வருஷம் ஆறு ஆனது, ஆறு ஏழானது. அவர் பேச்சில் அந்த லேத் மெஷின் வளர்ந்துகொண்டே போனதுதான் காரணம். முதலில் சின்ன மெஷின். பிறகு துளை போடும் வசதியுள்ளது. பிறகு கணினியில் ஓடுவது. ஒவ்வொரு ஒப்பந்தம் முடியும்போதும் மெஷின் ஓர் அடி நீண்டது. ஞாயிறுதோறும் மதியம் அவர் பேசுவார். போகப்போக அவர் பேச்சில் நாலு வார்த்தைக்கு ஒரு வார்த்தை அந்த ஊர் வார்த்தையாகிவிட்டது. "என்னங்க சொன்னீங்க?" என்று அவள் கேட்பதும், "அது ஒண்ணுமில்ல, விடு" என்று அவர் சொல்வதும் வழக்கமானது. அந்த 'ஒண்ணுமில்ல' அவளுக்குப் பொறுக்கவில்லை. தன் கணவரில் கால்வாசி தனக்குப் புரியாமல் போவதாகப் பட்டது. அதனால் அந்த நான்காவது வருஷம் நாற்காலி போட்டு ஏறி, தூசி தட்டி, அந்தப் புத்தகத்தை எடுத்தாள்.

புத்தகத்தின் ஓரங்களில் அவர் பென்சிலால் எழுதிய குறிப்புகள் இருந்தன. முல் என்றால் தண்ணீர். பக்கத்தில், 'முள் மாதிரி சொல்லணும், ஆனா குத்தாது' என்று எழுதியிருந்தார். பரம் என்றால் காற்று. அதற்கு, 'பாரம்னு ஞாபகம் வெச்சுக்கோ, எடை மட்டும் இல்ல'. அவள் முதலில் கற்க விரும்பியது கண் என்ற சொல்லை. தொழில் ஒரு காரணம். நான்கு வருஷமாக அவர் கண்ணைப் பார்க்காதது இன்னொரு காரணம். கண்ணை அவர்கள் நுன் என்கிறார்கள். கடைக்குப் போகுமுன் முன்னறையில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, முப்பது தடவை சொன்னாள். முப்பத்தோராவது தடவை உச்சரிப்பு சரியாக வந்தது. மூக்கின் மேல் சில்லென்று ஏதோ விழுந்தது. அந்த மொழியில் பனிக்கும் நுன் என்றே பெயர் என்பது புத்தகத்தின் அடுத்த பக்கத்தில்தான் போட்டிருந்தது. ஒரு பக்கம் முன்னாலேயே உணர்ச்சிவசப்பட்டுவிட்டோம் என்று அவள் புரிந்துகொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் போனில் சொன்னார்: "செவ்வாய்க்கிழமை ஊர் பூரா பனி. எங்க தெருவுல மட்டும் ஒரு பொட்டு விழல. என்ன கூத்தோ."

தண்ணீருக்கான சொல்லைக் கற்றபோது குழாயில் மூன்று நாள் பற்கள் கூசும் அளவுக்குக் குளிர்ந்த தண்ணீர் வந்தது. நாத்தனார் குடத்தை எடுத்துக்கொண்டு மேலே வந்து, "கீழ வெந்நீர் மாதிரி வருது, உனக்கு மட்டும் எப்படிடி ஐஸ் தண்ணி? லைன்மேனைக் கையில போட்டுக்கிட்டியா?" என்று கேட்டாள். அதே மூன்று நாளும் அவர் தங்கியிருந்த அறையில் தண்ணீர் வரவில்லை. கணக்கு அவளுக்கு அப்போதுதான் பிடிபட்டது. ஒரு சொல்லைப் பிசிறில்லாமல் கற்றுவிட்டால், அந்தப் பொருள் அவரிடமிருந்து கிளம்பி இங்கே வந்துவிடும். அரைகுறையாகச் சொன்னால் வராது. அந்த மொழி அதில் கறாராக இருந்தது.

நல்ல பெண் என்றால் அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும். அவள் நல்ல பெண்தான், ஆனால் நிறுத்தவில்லை. சுட்கராக் என்று சொல்லி அவர் சாப்பிடும் கரண்டியை வரவழைத்தாள்; நீளக் கைப்பிடி, நுனியில் அவர் பல் பட்ட தடம். சின்பால் என்று சொல்லி அவருடைய வேலைச் செருப்புகளை வரவழைத்தாள். இரும்புச் சீவல் ஒட்டியிருந்த அவற்றைத் துடைக்காமல் வாசலில் தன் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். இபுல் என்று சொன்னபோது அவர் போர்வை வந்தது. வந்தபோது அது இன்னும் சூடாக இருந்தது. அந்த வாரம் அங்கே கடுங்குளிர் என்று அவர் சொன்னதும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. பத்து மாதம் புத்தகத்தைத் தொடவில்லை. அவர் புதுப் போர்வை வாங்கிவிட்டார் என்று தெரிந்த பிறகுதான் மறுபடி திறந்தாள்.

நாற்பத்தோராம் பக்கத்தில் கணவன் என்ற சொல் இருந்தது. அதை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டு, கடையிலிருந்து பசை கொண்டுவந்து, அந்தப் பக்கத்தை அடுத்த பக்கத்தோடு ஒட்டிவிட்டாள். கரண்டியைக் கேட்காமல் எடுக்கலாம். மனுஷரை எடுக்க முடியாது. அதுவுமில்லாமல் சத்தியம் சத்தியம்தான்.

கதவுக்கு அந்த மொழியில் 'முன்' என்று பெயர். அதைக் கற்ற அன்று கூடத்தின் நடுவில், சுவரே இல்லாமல், நிலையோடு ஒரு கதவு நின்றது. பச்சைப் பெயின்ட், எண் இருநூற்று ஏழு. அதன் முன்னால் அவள் ஒரு மணி நேரம் நின்றாள். தலையை வாரிக்கொண்டு வந்து மறுபடி நின்றாள். பிறகு திறந்தாள். அந்தப் பக்கம் அவளுடைய சமையலறைதான் தெரிந்தது, அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அதன் பிறகும் தினமும் வேலையிலிருந்து வந்ததும் அந்தக் கதவை ஒரு தடவை திறந்து பார்ப்பதும், சாத்திவிட்டு அடுப்படிக்குச் சுற்றிப் போவதும் அவள் வழக்கமாயிற்று. நாத்தனார் அதில் துண்டு காயப்போட்டாள். அங்கே அவர் வாசலில் திரை கட்டிக்கொண்டார்.

ஆறாம் வருஷக் கடைசியில் அவள் தன்னைத்தானே ஏமாற்றிக்கொண்டு ஒரு காரியம் செய்தாள். மனிதன் என்பதற்கு அந்த மொழியில் சரம் என்று பெயர். அது பொதுவான சொல், யாரையும் குறிப்பது இல்லை, அதனால் சத்தியத்தில் சேராது என்று தனக்கே வாதாடி, தீர்ப்பும் தனக்கே சொல்லிக்கொண்டு, ஒரு சனிக்கிழமை காலை அதை ஒழுங்காகச் சொல்லிவிட்டாள். நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அறுபது வயது இருக்கும், நரைத்த மீசை, கையில் சாவிக்கொத்து, காலில் ரப்பர் செருப்பு. கணவர் போனில் அடிக்கடி சொல்லும் அவருடைய விடுதி மேலாளர்.

அவர் ஆச்சரியப்படவில்லை. கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். கரண்டி, செருப்பு, போர்வை, கதவு எண் இருநூற்று ஏழு. சட்டைப் பையிலிருந்து ஒரு குறிப்பேட்டை எடுத்து, காணாமல் போனவற்றின் பட்டியலில் ஒவ்வொன்றாக அடித்தார். பிறகு எழுந்து கதவின் கீலுக்கு எண்ணெய் கேட்டார்.

"யாருடி இவரு?" என்றாள் நாத்தனார், குரலைத் தாழ்த்தாமல்.

"அவர் தங்கியிருக்கிற விடுதியோட மேனேஜர், அண்ணி."

"சொந்தக்காரங்களையே சமாளிக்க முடியல. எப்பப் போவாராம்?"

"தெரியல அண்ணி."

"சரி, சோறு தின்பாரான்னாவது கேளு. கூட ஒரு ஆழாக்கு போடணுமில்ல."

அவர் ஒன்பது நாள் இருந்தார். நன்றாகவே சாப்பிட்டார். ஒழுகிக்கொண்டிருந்த சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றினார், கீழ்வீட்டு மின்விசிறியின் கிறீச்சை நிறுத்தினார். நாத்தனார் மூன்றாம் நாளிலிருந்து அவருக்கு இரண்டு கரண்டி நெய் அதிகம் விட்டாள். கடைசி நாளுக்கு முந்தின நாள் அவர், சுவரில் இருந்த கல்யாணப் படத்தில் கணவரின் முகத்தைத் தொட்டுக் காட்டி, கையைக் காதில் வைத்துப் போன் பேசுவதுபோல் நடித்தார். பேசி முடித்து வைப்பதுபோலவும் காட்டினார். பிறகு போனைக் கீழே வைக்காமல் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, அதையே பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்துகாட்டினார். "மேயில். மேயில் கிதர்யோ," என்றார்.

"மெயில் அனுப்பச் சொல்றார் போலிருக்கு," என்றாள் நாத்தனார். "அவனுக்கு எப்பத்திலேர்ந்து மெயில் படிக்கிற பழக்கம்? ஸ்கூல்ல தமிழ் லெட்டரே நான்தான் எழுதிக் குடுப்பேன்."

அவளும் அப்படித்தான் நினைத்தாள். கடையில் முதலாளியின் கணினியில் உட்கார்ந்து, கணவருக்கு அவளது வாழ்நாளின் முதல் மின்னஞ்சலை அனுப்பினாள். 'நலம். நலமா? குழாய் சரியாகிவிட்டது.' அதற்குப் பதில் வரவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து சந்தேகத்தோடு புத்தகத்தைப் புரட்டினாள். மேயில் என்றால் தினமும். கிதர்யோ தொண்ணூற்றேழாம் பக்கத்தில் இருந்தது. அவர் பென்சில் அந்தப் பக்கம் வரைக்கும் வந்ததில்லை. காத்திருத்தல்.

தினமும் காத்திருக்கிறார். எதற்கு என்று மேலாளரிடம் கேட்டாள். அவர் இரண்டு கைகளையும் விரித்தார். அது எண்ணூறு வார்த்தைக்குள் இல்லை என்பதுபோல் இருந்தது. ஆனால் அவளுக்கு அன்று தூக்கம் வரவில்லை. கூப்பிட்டால் கிளம்பிவிடுவேன் என்று சொன்ன மனுஷர் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்றால், தான் காப்பாற்றிவரும் சத்தியம் யாருக்காக என்று புரண்டு புரண்டு யோசித்தாள்.

மறுநாள் மேலாளருக்கு விடைகொடுக்கச் சொல் தேடி, கசெயோ என்று மரியாதையாகச் சொன்னாள். போங்க என்று பொருள்.

"வெறும் போங்கன்னா சொல்லுவாங்க? போயிட்டு வாங்கன்னு சொல்லுடி," என்று நாத்தனார் இடித்தாள்.

"அப்படிச் சொன்னா திரும்ப வந்துடுவார் அண்ணி."

"வந்தா என்ன இப்ப?" என்று நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மேலாளர் இருவருக்கும் இடுப்பு வளையக் குனிந்து வணங்கிவிட்டு, கூடத்துக் கதவைத் திறந்தார். அவருக்கு அந்தப் பக்கம் வேறு இடம் தெரிந்தது. நீளமான ஒரு நடைவழி, குழல்விளக்கு, எங்கோ துணி துவைக்கும் மெஷின் ஓடும் சத்தம். கதவு சாத்திக்கொண்டது. அவள் ஓடிப்போய் மறுபடி திறந்தாள். சமையலறை. நாத்தனார் அவள் தோளில் கை வைத்தாள். அது அந்த அம்மாளுக்குப் பெரிய விஷயம்.

அதற்குப் பிறகு அவள் பெயர்ச்சொற்களை விட்டுவிட்டாள். பொருள் வந்து பிரயோஜனமில்லை என்று முடிவாகிவிட்டது. வினைச்சொற்கள் தொண்ணூறாம் பக்கத்துக்கு மேல் இருந்தன. கூப்பிடுவது என்று முடிவானால் எப்படிக் கூப்பிடுவது என்று முதலில் தெரிந்துகொள்வோம் என்று நினைத்தாள். பதினோரு வருஷக் கல்யாண வாழ்க்கையில், கோபத்தில்கூட அவரை 'ங்க' போடாமல் அவள் பேசியதில்லை. ஆகையால் இயல்பாகவே மரியாதைச் சொல்லைத்தான் தேடினாள். ஓசெயோ. வாருங்கள். ஒரு வியாழக்கிழமை, வார விடுமுறையில், சன்னலோரம் நின்று சொல்லிப் பழகினாள். பதினாலாவது தடவையில் சரியாக வந்தது.

முதலில் தபால்காரர் வந்தார். அவர் பின்னால் மின்சாரக் கணக்கு எடுப்பவர். எதிர்வீட்டுத் தம்பதி, மூலை மருந்துக்கடைக்காரர், நாத்தனாரின் சம்பந்தி வீட்டார் ஏழு பேர், சலவைக்காரர். முதலாளி, பாதிப் பரிசோதனையில் இருந்த ஒரு வாடிக்கையாளரோடு வந்தார். அந்த மனிதரின் மூக்கில் சோதனைச் சட்டம் அப்படியே இருந்தது. மொத்தம் நாற்பத்து மூன்று பேர். எதற்கு வந்தோம் என்று யாருக்கும் தெரியவில்லை, வரவேண்டும் என்று தோன்றியதாம். சன்னல் வழியாகக் காற்றுகூட வந்தது. அவர் மட்டும் வரவில்லை. எல்லோருக்கும் தேநீர் போட்டுக் கொடுத்து, மாடிப்படி வரை போய் வழியனுப்பிவிட்டு, நாற்பத்து மூன்று கோப்பைகளைக் கழுவும்போது அவளுக்குப் புரிந்தது. வாருங்கள் என்பது கடைவாசலில் நின்று எல்லோரையும் கூப்பிடுகிற சொல். ஊரைக் கூப்பிடலாம். ஒரே ஒருவரைக் கூப்பிட அது உதவாது.

கையைத் துடைத்துக்கொண்டு வந்து புத்தகத்தைப் பார்த்தாள். அதே வரிசையில், அதற்குக் கீழே, நெருக்கமானவர்களிடம் மட்டும் சொல்வது என்ற குறிப்போடு அந்தச் சொல்லின் சின்ன வடிவம் இருந்தது. அவள் அதை வாய்விட்டு வாசிக்கவில்லை. உதட்டை மட்டும் அசைத்துப் பார்த்தாள். சிரிப்பு வந்தது, உடனே கண் நிறைந்துவிட்டது. எண்ணூறு வார்த்தையில் அந்த ஒன்றைக் கற்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. பிறந்ததிலிருந்து அவளிடம் இருந்த சொல் அது. பூனையிடம் சொல்லியிருக்கிறாள், தங்கை குழந்தைகளிடம் சொல்லியிருக்கிறாள், மழையிடம்கூடச் சொல்லியிருக்கிறாள். அவரிடம்தான் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் போன் அடித்தது. அவள் கூடத்தில், கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"சாப்பிட்டியா?" என்றார்.

"ஆச்சு. உங்க ரூம்ல இப்ப என்னென்ன இருக்கு?"

"என்ன, திடீர்னு? ஒரு பல்பு இருக்கு. நான் இருக்கேன்."

"மத்ததெல்லாம் இங்க இருக்கு."

"தெரியும்," என்றார். "கதவு போனப்பவே சந்தேகம்தான். அப்புறம் மேனேஜர் வந்து, உன் வீட்டுக் குழாயில வாஷர் தேஞ்சு போயிருந்துச்சு, மாத்திட்டேன்னார். அக்கா சமையலைப் பத்தி ஒரு மணி நேரம் பேசினார்."

"தெரிஞ்சும் ஏன் ஒண்ணும் சொல்லல?"

"எதைச் சொல்ல? கரண்டியைத் திருப்பிக் குடுன்னா?"

அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார்.

"தினமும் காத்திருக்கீங்களாமே," என்றாள்.

"யார் சொன்னது? அந்த ஆளா?"

"எதுக்குக் காத்திருக்கீங்க?"

அவர் லேத்தைப் பற்றி ஆரம்பித்தார். இன்னும் ஒரே ஒப்பந்தம், அதோடு கணினி மெஷினே வாங்கிவிடலாம், அதற்கு மேல் போவதற்கு மெஷினே கிடையாது என்றார். சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். அவர் மூச்சு விடுவது கேட்டது. போர்வை இல்லாத, கரண்டி இல்லாத, கதவு இல்லாத ஓர் அறையில் ஒரு மனிதர் போனைக் காதோடு அழுத்தி உட்கார்ந்திருப்பது அவளுக்கு இங்கிருந்தே தெரிந்தது.

"நான் உங்ககிட்ட ஒரு சத்தியம் பண்ணியிருந்தேன்," என்றாள். "அதை வாபஸ் வாங்கிக்கிறேன்."

"ம்."

"கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு," என்றார் அவர். "சொல்லு, சொல்லு."

அவள் எழுந்து நின்றாள். புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். எந்த மொழியில் சொல்கிறோம் என்று ஒரு கணம் யோசித்து, அந்த யோசனையை விட்டுவிட்டு, ஏழு வருஷத்தில் முதல் முறையாக, வாழ்க்கையிலேயே முதல் முறையாக, 'ங்க' இல்லாமல் சொன்னாள்.

"வா."